அடுத்த பிறப்பில் ஆணாய்ப் பிறந்தால்தான் முத்தியா?

உவர்மலை மங்கை (திருகோணமலை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சமயப் பகுதியில நான் வாசிக்கிறதுதான் கூட, எழுதுறது குறைவு. இந்த முறை ஒரு கேள்வியை வைச்சே ஆகவேணும்.

எங்கட அம்மம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மனிட்டப் போனவ. கந்தசஷ்டி, கேதார கௌரி, பிள்ளையார் பெருங்கதை, ஒண்டும் விட்டதில்லை. கோணமாமலைப் பதிகம் முழுக்கப் பாடம். அப்படிப்பட்ட மனிசி கடைசிக் காலத்தில அடிக்கடி சொன்ன ஒரு சொல்: "அடுத்த பிறப்பிலயாவது ஆம்பிளையாப் பிறக்க வேணும், அப்பதான் முத்திக்கு வழி."

அண்மையில பெரியம்மாவின்ர அந்தியேட்டி கன்னியாவில நடந்தது. அங்க சொந்தக்கார மாமா ஒருத்தர் அதையே இன்னொரு விதமாச் சொன்னார். "பொம்பிளையளுக்கு விரதமும் புருசனும் காணும். ஞானம், வீடுபேறு எல்லாம் அவையின்ர பாதை இல்லை." சுத்தி நிண்ட பொம்பிளையள் எல்லாரும் வருசம் முழுக்க விரதம் பிடிக்கிற ஆக்கள். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. என்ர மகள் என்னைப் பார்த்து "உண்மையோ அம்மா?" எண்டு கேட்டாள்.

எனக்கு ஆறுதல் வார்த்தை வேண்டாம். சைவ நூல்களில இது எங்க இருக்கு, இல்லையெண்டால் எங்க இல்லை எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

தம்பலகாமத்தான் (தம்பலகாமம்) எழுதியது:

பிள்ளை, மாமா சொன்ன விதம் சரியில்லை. ஆனால் அதுக்குப் பின்னால ஒரு மரபு இருக்கு. பெண்ணுக்கு இல்லறமே தவம் எண்டுதான் பெரியவை சொல்லி வந்தவை. "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்" எண்டு வள்ளுவரே சொல்லியிருக்கிறார். காடு மேடு திரிஞ்சு தவம் செய்யிற கஷ்டம் பெண்ணுக்கு வேண்டாம், வீட்டில இருந்தபடி அதே பேறு கிடைக்கும் எண்டதுதான் கருத்து. அதைக் குறைவாக எடுக்கக் கூடாது. என்ர மனிசி வயலுக்குச் சோறு கொண்டுவந்த காலத்திலும் சிவபுராணம் சொல்லாமல் படுத்ததில்லை. அவவுக்கு முத்தி இல்லையெண்டு ஆர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் மனைவிக்கு நீங்கள் தரும் மதிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் குறள் வாழ்க்கைத் துணைநலம் என்ற அதிகாரத்தில் வருவது. இல்லறத்துக்குள் நின்று பேசுகிறது. வீட்டைப் பற்றி வள்ளுவர் பேசும் இடம் துறவறவியல். "பிறப்பென்னும் பேதைமை நீங்கச் சிறப்பென்னும் செம்பொருள் காண்பது அறிவு" என்று மெய்யுணர்தலில் சொன்னபோது அந்த அறிவு ஆணுக்கு மட்டும் என்று ஓர் எழுத்தும் அவர் சேர்க்கவில்லை. மணவாழ்க்கையைப் பற்றிய குறளை எடுத்து முத்திக்கு வரம்பு போட முடியாது.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். முதலில் சித்தாந்தம் படித்தவர்கள் யாராவது வரட்டும்.

---

சித்தாந்த மாணவன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம் அக்கா. கேட்ட கேள்விக்கு நேராகவே வருகிறேன்.

சைவ சித்தாந்தத்தில் பொருள் மூன்று: பதி (இறைவன்), பசு, பாசம் (உயிரைக் கட்டும் தளை). பசு என்பது உயிர். உயிருக்கு ஆண் பெண் இல்லை. உடம்பு மாயையிலிருந்து வருவது. வினைக்கு ஏற்ப வந்து, வினை முடியப் போவது. முத்தி வருவது ஆணவ மலம் (உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு) பக்குவப்பட்டு, இருவினை ஒப்பு (நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகக் காணும் நிலை) உண்டாகி, சத்திநிபாதம் (திருவருள்) பதியும்போது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம். அதில் எந்த இடத்திலும் பெண்ணுடம்பு முத்திக்குத் தடை என்ற பேச்சு இல்லை. உபநிடதத்திலும் இதே கருத்துண்டு: உயிர் பெண்ணுமன்று, ஆணுமன்று, அலியுமன்று, எந்த உடம்பை எடுக்கிறதோ அதனோடு சேர்த்து அறியப்படுகிறது என்று சுவேதாசுவதரம் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. இறைவனையே "பெண்ணாகி ஆணாய் அலியாய்" என்று மார்கழியில் விடியப்புறம் திருவெம்பாவையில் பாடுகிறோம்.

ஆகவே "அடுத்த பிறப்பில் ஆணாக" என்பதற்குச் சித்தாந்தத்தில் ஆதாரம் கிடையாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களும் சாலோகம் (இறைவன் உலகில் இருப்பது) முதல் சாயுச்சியம் (அவனோடு ஒன்றுவது) வரையான நான்கு பேறுகளும் உயிர்களுக்குச் சொன்னவை.

இனி, நீங்கள் ஆறுதல் வேண்டாம் என்றதால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீட்சையில், அதாவது குரு ஒருவரைச் சைவநெறியில் சேர்க்கும் கிரியையில், வேறுபாடு உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்ற பகுதியில் எட்டாம் சூத்திரத்தில் தீட்சை வகைகளைச் சொல்கிறார். ஒன்று நிர்ப்பீச தீட்சை, மற்றது சபீச தீட்சை. சபீசம் பெறுகிறவர், தீட்சைக்குப் பின்னும் நாள்தோறும் செய்ய வேண்டிய பூசை, நியமம், விழாக்கடன் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டும். அவருக்கு அந்தக் கிரியைகளைச் செய்யும் அதிகாரமும் உண்டு. நிர்ப்பீசம் பெறுகிறவருக்கு அந்தக் கடன்களிலிருந்து விலக்கு. அதனால் அதிகாரமும் இல்லை. ஆனால் முத்தி இருவருக்கும் ஒன்றே. யார் யாருக்கு நிர்ப்பீசம் என்று ஒரு வரிசை தருகிறார்: பாலர், அறிவு முதிராதவர், முதியவர், பனிமொழியார், பலபோகத்தவர், நோயாளர். பனிமொழியார் என்றது பெண்களை.

---

கடற்காற்று (நிலாவெளி) எழுதியது:

அண்ணா, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். குழந்தை, அறிவில்லாதவர், கிழவர், நோயாளி. அந்த வரிசையில பொம்பிளை. எங்கட பல்கலைக்கழகத்தில என்னோட படிக்கிற அரைவாசிக்கு மேல பெட்டையள்தான். அவையிட்ட இதை எப்படிச் சொல்லுறது? "உங்களுக்கு முத்தி இருக்கு, ஆனால் நோயாளிக்குக் குடுக்கிற மாதிரித்தான் இருக்கு" எண்டா?

கோவிக்காதேங்கோ. ஆனால் அம்மம்மா சொன்னது இந்த வரிசையில இருந்துதான் வந்திருக்கும் எண்டு எனக்குப் படுது. ஒருத்திக்கு நீ குழந்தை மாதிரி எண்டு சொல்லிக்கொண்டே இருந்தால் அவ கடைசியில ஆம்பிளையாப் பிறக்கத்தான் கேப்பா.

---

தம்பலகாமத்தான் எழுதியது:

தங்கச்சி, அந்த வரிசையில பலபோகத்தவர் எண்டும் இருக்கு. அரசர்களைத்தான் அப்படிச் சொல்லுறது. நாடாளுற ராசாவை நோயாளியோட சேர்த்ததில இழிவு இருக்கோ? நேரமும் வசதியும் இல்லாத ஆக்களுக்கு இறைவன் சுமையைக் குறைச்சான். பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய் மூண்டு வேளை சிவபூசை செய்யாட்டி பாவம் வந்து சேரும் எண்டு சொன்னால் அதுதான் கொடுமை. அவளுக்கு அந்தப் பாவம் இல்லை எண்டு சொல்லி, முத்தியைக் குறைக்காமல் குடுத்திருக்கு. எனக்கு அது கருணையாகத்தான் தெரியுது.

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

ஐயா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. அதை முதலில் ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தத் தீட்சை முறையைச் செய்தவர்கள் பெண்ணுக்கு வீடுபேற்றை மறுக்கவில்லை. மறுக்க நினைத்திருந்தால் மறுத்திருப்பார்கள். மற்ற மரபுகளில் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்கள்.

ஆனால் விலக்கு என்பது காலப்போக்கில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சுகமில்லாத பிள்ளைக்கு விளையாட்டுப் பாடத்தில் விலக்குக் கொடுப்போம். சுகம் வந்த பிறகும் ஒருவரும் அவளை மைதானத்துக்குக் கூப்பிடாவிட்டால், சில வருடத்தில் "அவளுக்கு ஓடத் தெரியாது" என்று பள்ளிக்கூடமே சொல்லும். பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. பூசைக்கடன் இல்லை என்றார்கள். கடன் இல்லாததால் கற்பிக்கவில்லை. கற்பிக்காததால் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் "ஞானம் அவர்களின் பாதை இல்லை" என்று கன்னியாவில் ஒரு மாமா சொல்கிறார். தொடக்கத்தில் இருந்த கருணை எங்கோ கழன்று விழுந்துவிட்டது, கதவு மட்டும் மூடியபடி நிற்கிறது.

மங்கை, உங்கள் அம்மம்மா முத்தியை ஆசைப்பட்டவர். அதைக் கவனித்தீர்களா? அவருக்கு ஆசை இருந்தது, வேட்கை இருந்தது, பதிகம் இருந்தது. இல்லாதது, உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆள்.

காரைக்கால் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை நகரக் கூடாது. எல்லாரும் மாம்பழக் கதையைத்தான் சொல்வார்கள். புனிதவதி, பரமதத்தன், இரண்டாவது மாங்கனி, கணவன் பயந்து விலகி வேறு மணம் செய்தது, "இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி" வேண்டாம் என்று கழித்துப் பேய்வடிவம் கேட்டது. இது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடியது. அம்மையார் வாழ்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர்.

அம்மையாரே பாடியதை எடுத்துப் பாருங்கள். அற்புதத் திருவந்தாதியின் முதற் பாட்டு: "பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல் சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன்." பேச்சு வந்த நாளிலிருந்தே இந்தக் காதல் என்கிறார். அந்த 101 வெண்பாவிலும் கணவன் வரவில்லை, மாம்பழம் வரவில்லை, கைவிடப்பட்ட துயரமும் வரவில்லை. வருவது சிவனும் அவருடைய ஆடலும் இவருடைய கேள்விகளும்தான். ஒருத்தி கணவன் போனதால் கடவுளிடம் போனாள் என்று நாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவரோ, நான் பேசத் தொடங்கியபோதே அங்கேதான் இருந்தேன் என்கிறார். சேக்கிழாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. "பிறவாமை வேண்டும் மீண்டும் பிறப்புண்டேல் உன்னை யென்றும் மறவாமை வேண்டும்" என்ற வரியை அவரைத் தவிர யாரால் எழுத முடியும்? ஆனால் அந்த வரியிலும் பாருங்கள், மீண்டும் பிறந்தால் ஆணாகப் பிறக்க வேண்டும் என்று அம்மையார் கேட்கவில்லை. மறவாமல் இருக்க வேண்டும் என்றே கேட்டார். மங்கை, இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

---

கடற்காற்று எழுதியது:

ரீச்சர், அம்மையார் ஏன் பேயாக வேண்டி வந்தது? அழகான பெண்ணுடம்போட அவ திருவாலங்காட்டில இருந்திருக்க முடியாதா? அதை யோசிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது. பெண்ணாகவே இருந்து முத்தி அடைஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையா?

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

இருக்கிறார்கள் பிள்ளை. அறுபத்துமூவரில் மங்கையர்க்கரசியார் அரசியாக, மனைவியாக இருந்தபடியே அடியார். சுந்தரரின் தாயார் இசைஞானியாரும் அப்படியே. இவர்கள் உடம்பைக் கழிக்கவில்லை, வீட்டை விடவில்லை. காரைக்காலம்மையார் பேய்வடிவை விரும்பிக் கேட்டார். தன் பதிகத்தில் "காரைக்கால் பேய்" என்று தானே முத்திரை வைக்கிறார். அது அவருடைய வழி. எல்லாப் பெண்ணுக்கும் விதித்த வழி என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னும் ஒருவர், அறுபத்துமூவர் தொகையில் இல்லாதவர்: திலகவதியார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் இறந்த பின் தம்பிக்காக உயிர் தாங்கி, திருவதிகையில் கோயிலுக்கு அலகிட்டு மெழுகியவர். சமணத்திலிருந்து சூலைநோயோடு ஓடிவந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தது யார்? "திருவாளன் திருநீறு திலகவதியார் அளிப்ப" என்கிறது பெரியபுராணம். ஐந்தெழுத்தோதி அவர் கொடுத்த நீற்றைப் பணிந்து ஏற்ற பிறகுதான் மருணீக்கியார் கோயிலுக்குள் போய்ப் பாடினார், நாவுக்கரசர் ஆனார். தேவாரத்தில் ஒரு பெரும்பங்கு ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்த நீற்றில் தொடங்குகிறது.

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

ரீச்சர், திலகவதியார் செய்தது ஆகம முறைப்படியான ஆசாரிய தீட்சை என்று சொல்ல முடியாது. ஆசாரிய அபிடேகம் (குருவாக்கும் கிரியை) பெண்ணுக்கு மரபில் இல்லை. அந்த வேறுபாட்டைக் கவனத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். மற்றபடி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. விநாயகர் அகவலையும் சேர்த்துக்கொள்ளலாம். "மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே" என்று குண்டலி யோகத்தை வெளிப்படையாகப் பேசும் பாட்டு ஔவையின் பெயரில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளும் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

தம்பி, ஆகம முறை இல்லை என்று எனக்கும் தெரியும். நாவுக்கரசருக்கு அது போதுமாக இருந்தது என்பதைத்தான் சொன்னேன்.

---

ரொறன்ரோத் திருமலையான் எழுதியது:

இங்க இரவு, நித்திரை வரேல்ல, இந்த இழையை முழுக்க வாசிச்சன். நான் வேதாந்தப் பக்கம் கொஞ்சம் படிச்சனான். அந்தப் பக்கத்தில இருந்து சில விசயம்.

பிருகதாரணியக உபநிடதத்தில சனக மன்னரின்ர சபை. யாக்ஞவல்கியரை எல்லாரும் கேள்வி கேட்கினம். கார்க்கி ரெண்டு தரம் எழும்பிக் கேட்கிறா. முதல் தரம், இதுக்கு மேல கேட்டால் தலை விழும் எண்டு அவர் அடக்குறார். அவ இருந்துபோட்டுத் திரும்ப எழும்பி, ஆகாயம் எதில ஊடும் பாவுமாய் நெய்யப்பட்டிருக்கு எண்டு கேட்கிறா. அழியாத பொருளைப் பற்றின உபதேசம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வருது. கடைசியில, இவரை வணங்கித் தப்பினாலே பெரிய காரியம் எண்டு சபையில இருந்த பிராமணருக்குத் தீர்ப்புச் சொல்லுறதும் கார்க்கிதான்.

மகாபாரதம் சாந்தி பர்வத்தில சுலபை எண்ட துறவி வாறா. எனக்கு இந்த இடம்தான் கூடப் பிடிக்கும். இல்லறத்தில இருந்துகொண்டே முத்தி அடைஞ்சவன் எண்டு பேர் எடுத்த சனக மன்னரைச் சோதிக்க வந்து, யோக பலத்தால அவரின்ர மனசுக்குள்ள புகுந்திடுறா. அவர் கோவிக்கிறார். நீ ஆர், ஆருடைய மகள், பெண்ணாய் இருந்து இப்படிச் செய்யலாமோ எண்டு கேட்கிறார். அவ அமைதியாச் சொல்லுற பதில் நீளமானது, சாரம் இது: உண்மையில விடுபட்டவனுக்கு என்னுது உன்னுது, ஆண் பெண் எண்ட வேறுபாடு எங்கால வரும்? இந்தக் கேள்வியைக் கேட்டதிலேயே நீ விடுபடேல்ல எண்டு தெரியுது. மன்னருக்குப் பதில் இல்லை. மணம் செய்யாத ஒரு பெண் துறவி, அரசனின்ர முத்தியையே சோதிச்சுப் பார்த்திருக்கிறா. எங்கட கதாப்பிரசங்கங்களில இது ஏன் வாறதில்லை?

கிட்டடிக் காலத்துக்கு வந்தால் ரமண மகரிஷி. காவியகண்ட கணபதி முனிவரின்ர மனைவி விசாலாட்சி, துறவில நிலைக்கிற பெண்ணுக்குச் சந்நியாசம் எடுக்க சாத்திரத்தில தடை உண்டோ எண்டு கணவர் மூலம் கேட்டது 1917இல. தடை இல்லை, முத்தியிலயும் ஞானத்திலயும் ஆண் பெண் வேறுபாடு இல்லை, முத்தி அடைஞ்ச பெண்ணின்ர உடம்பை எரிக்கவும் கூடாது எண்டார். 1922இல அவரின்ர தாயார் அழகம்மாள் உயிர் பிரிஞ்சபோது சொன்னபடியே செய்தார். ஞானியருக்குச் செய்யிற மாதிரிச் சமாதி வைச்சு, மேல லிங்கம் வைச்சு, அதுதான் இண்டைக்கு மாத்ருபூதேசுவரர் கோயில்.

---

மட்டுநகர் வாசி எழுதியது:

மற்றச் சமயங்களையும் ஒருக்காப் பாருங்கோ. சமணத்தில திகம்பரர், பெண்ணுடம்போட வீடு இல்லை, ஆணாய்ப் பிறந்துதான் போகவேணும் எண்டு கொள்கையாகவே சொல்லுவினம். சுவேதாம்பரர் அதை மறுத்து, பத்தொன்பதாவது தீர்த்தங்கரர் மல்லியே பெண்தான் எண்டுவினம். அம்மம்மா சொன்னதை அப்படியே கொள்கையாக வைச்சிருக்கிறது எனக்குத் தெரிஞ்சவரை திகம்பர மரபில. சைவத்துக்கு அது சொந்தமில்லை. கன்னடத்தில 12ஆம் நூற்றாண்டு வீரசைவர் இன்னும் ஒரு படி மேல போய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இட்டலிங்கம் (உடம்பில அணியிற சிவலிங்கம்) கட்டி, மாதத்துடக்கையும் ஒத்துக்கொள்ளேல்ல. பாட்டுப் பாடின பெண் அடியார் அக்கமாதேவி அந்தக் கூட்டத்தில வந்தவதான்.

எங்கட மட்டக்களப்புப் பக்கம் கண்ணகை அம்மன் சடங்கு எண்டால் ஊரே திரளும். பெண் தெய்வத்துக்குக் குறைவில்லை. பெண்ணுக்குத்தான் குறைவு. அது தனியாப் பேசவேண்டிய விசயம்.

---

சாம்பல்தீவு மகள் எழுதியது:

நான் வேறொரு இடத்தில இருந்து கேட்கிறன். எங்கட வீட்டில ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அண்ணா யுத்தத்தில போயிட்டார். அப்பா செத்தபோது கொள்ளி வைச்சது நான். சுடலைக்குப் பொம்பிளை வரக்கூடாது எண்டு சொன்னவை இருக்கினம், வந்து பக்கத்தில நிண்டவையும் இருக்கினம். கிரியை செய்த ஐயா ஒரு சொல்லும் முகம் சுளிச்சுச் சொல்லேல்ல, மந்திரத்தைச் சொல்லித் தந்து செய்வித்தார். ஆனால் பிறகு சொந்தத்தில ஒருத்தர், "மகன் கை பட்டால்தான் தகப்பனுக்கு நற்கதி, பாவம் மனிசன்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். அந்தச் சொல் இண்டைக்கும் போகேல்ல. என்னால அப்பாவின்ர கதி கெட்டுப்போச்சோ? தம்பி சித்தாந்த மாணவன், நேராச் சொல்லுங்கோ.

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

இல்லை அக்கா. நேராகவே சொல்கிறேன், இல்லை.

ஓர் உயிரின் முத்தி அதன் மலம் பக்குவப்படுவதையும் இறைவன் திருவருளையும் பொறுத்தது. இன்னொருவர் கை ஆணின் கையா பெண்ணின் கையா என்பதைப் பொறுத்து அது மாறும் என்றால் சித்தாந்தம் முழுவதுமே குலைந்துபோகும். இருவினை ஒப்பை ஒருவருக்காக இன்னொருவர் சம்பாதித்துக் கொடுக்க முடியாது. மகனாலும் முடியாது. அபரக்கிரியை இறந்தவருக்கு நாம் செய்யும் கடனும் உதவியும். அன்போடு செய்ய உரியவர் செய்வதே முறை. உங்கள் அப்பாவுக்கு உரியவர் நீங்கள்தான். மரணக் கிரியையில் சுண்ணம் (வாசனைப் பொடி) இடிக்கும்போது பாடும் திருப்பொற்சுண்ணத்தை நினைத்துப் பாருங்கள். அது முழுவதும் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து இடிக்கும் பாட்டு. மாணிக்கவாசகரே பெண் குரலில் நின்றுதான் பாடினார். அந்தப் பாட்டு ஒலிக்கும் கிரியையில் பெண் கை ஆகாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

தம்பலகாமத்தான் எழுதியது:

மகள், ஐயா உன்னைக் கொண்டு செய்வித்தவர்தானே. அவரே குரு. அவர் செய்வித்தால் அது முறைதான். வாயால சொன்னவன்ர சொல்லைத் தலையில வைக்காத. உன்ர அப்பா நல்லா இருப்பார்.

---

சாம்பல்தீவு மகள் எழுதியது:

நன்றி ஐயா. நன்றி தம்பி.

---

உவர்மலை மங்கை எழுதியது:

எல்லாத்தையும் மகளோட சேர்ந்து இருந்து வாசிச்சன். சுலபை கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

திருமலையான் அண்ணா கார்க்கியைப் பற்றி எழுதின பிறகு அதே உபநிடதத்தில மைத்திரேயி பகுதியை மொழிபெயர்ப்பில எடுத்து வாசிச்சன். யாக்ஞவல்கியர் துறவுக்குப் போக முதல் சொத்தை ரெண்டு மனைவிமாருக்கும் பிரிச்சுக் குடுக்கப் பார்க்கிறார். மைத்திரேயி, இந்தப் பூமி முழுக்கப் பொருளால நிறைஞ்சு எனக்குக் கிடைச்சாலும் அதால நான் சாவைக் கடப்பேனோ எண்டு கேட்கிறா. கடக்க மாட்டாய் எண்டு அவர் சொல்ல, அப்ப அதை வைச்சு நான் என்ன செய்ய, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ எண்டுறா. அழகான இடம். ஆனால் எனக்கு நெஞ்சில நிண்டது மற்றவ, காத்தியாயனி. பெண்களுக்குத் தெரியிற அளவு அறிவு உடையவ எண்டு ஒரு வரியில அவவை முடிச்சுப் போட்டினம். அவவிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்ல. மைத்திரேயி கணவரோட பிரமத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில அந்த வீட்டில ஆர் சமைச்சது? எங்கட அம்மம்மா காத்தியாயனிதான். பெரியம்மாவும். மைத்திரேயி ஆகிற ஆசை அவைக்கு இருந்தது, நேரத்தை ஒருத்தரும் குடுக்கேல்ல.

ரீச்சர் சொன்ன விலக்குக் கதை எனக்கு நல்லாப் பிடிபடுது. நானும் மகளும் சமய தீட்சை எடுத்தனாங்கள், பள்ளிக்கூடத்தில குடுத்தது. அதோட நிண்டுபோச்சு. அதுக்கு அடுத்த விசேட தீட்சை எடுத்து ஆன்மார்த்த பூசை (தனக்காகச் செய்யிற சிவபூசை) செய்ய எனக்கு விருப்பம். பெண்ணுக்குக் குடுப்பினமோ? ஊரில ஒரு கோயிலில கேட்டபோது, பிள்ளையள் வளர்ந்த பிறகு பார்ப்பம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம்.

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

கொடுப்பார்கள் அக்கா. விசேட தீட்சை பெற்றுச் சிவபூசை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தீட்சை தரும் குருவிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: எனக்கு எந்தக் கடன் வரும், எது வராது, பூசை முறையை யார் எனக்குக் கற்பிப்பார்கள். தீட்சை ஒருநாளில் முடிந்துவிடும். கற்பது வருடக்கணக்கு. துடக்கு நாட்களில் பூசைக்கு விலக்குச் சொல்வார்கள். ஐந்தெழுத்தை மனத்தில் நினைப்பதற்கு எந்த நாளிலும் விலக்கில்லை.

---

தம்பலகாமத்தான் எழுதியது:

பிள்ளை, ஆசாரியராகப் பெண் வரலாம் எண்டதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல, அது மரபு, அதில நான் அசைய மாட்டன். ஆனால் படிக்கிறதுக்கும் பூசை செய்யிறதுக்கும் பிள்ளையள் வளரும்வரை காத்திரு எண்டு சொன்னது சரியில்லை. எனக்குத் தெரிஞ்ச குருக்கள் ஒருவர் இருக்கிறார். கேட்டுச் சொல்லுறன். தனிமடலில இலக்கம் அனுப்பு.

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலைத் தலைமை தாங்கி நடத்தியவர் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008). மணம் செய்யாமல், சைவச் சொற்பொழிவில் ஊரூராகப் போய், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். ஆண்கள் நிறைந்த சபையில் அவர் பெரியபுராணம் சொல்லும்போது பெண்ணுக்கு ஞானம் உண்டா என்று யாரும் எழும்பிக் கேட்கவில்லை. இந்தியாவில் 1954இல் தொடங்கிய சாரதா மடத்தில் பெண்களே துறவிகள், பெண்களே தலைவர்கள். நம் திருகோணமலையில் 1923இலேயே சண்முக வித்தியாலயத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண்மணி. படிப்பைக் கொடுத்த ஊர் இது. மெய்ந்நூலையும் கொடுக்கலாம்.

கோணேசர் பதிகத்தின் முதற்பாட்டை உங்கள் அம்மம்மா பாடியிருப்பார்: "வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்." உமையைப் பாதியாகக் கொண்டவராகத்தான் சம்பந்தர் நம் மலையில் இருப்பவரைப் பாடினார். பாடிய பிள்ளைக்கு ஞானம் வந்ததே அந்த அம்மை கொடுத்த பாலில். இவ்வளவையும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவிட்டு, பெண்ணுக்கு ஞானப்பாதை இல்லை என்று அந்த மலையின் ஊரிலேயே ஒருவர் சொல்லலாமா?

நான் ஓய்வில் இருக்கிறேன். சிவஞான சித்தியார் சுபக்கத்தை உரையோடு கிழமைக்கு ஒருநாள் இணையத்தில் சேர்ந்து வாசிக்கலாம். எட்டாம் சூத்திரத்துக்கு வரும்போது அந்த நிர்ப்பீச வரிசையை எல்லாருமாக உட்கார்ந்து பார்ப்போம். தம்பி சித்தாந்த மாணவன் விளக்கம் சொல்ல வருவாரா?

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் ரீச்சர். சித்தியாருக்கு முதல் திருவருட்பயனை வாசித்தால் புதியவர்களுக்கு எளிதாக இருக்கும். நூறு குறள்தான்.

---

கடற்காற்று எழுதியது:

நானும் வாறன். என்ர அறையில இருக்கிற ரெண்டு பேரும் வருவினம். அந்த வரிசையைப் பற்றி எனக்கு இன்னும் கோவம் போகேல்ல, அதையும் கொண்டுதான் வருவன்.

---

பாலையூற்று ரீச்சர் எழுதியது:

கொண்டு வா பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி சரியா எல்லாருக்கும்?

---

உவர்மலை மங்கை எழுதியது:

ரீச்சர், ஆறு மணி எண்டால் எனக்கு மட்டுமில்லை, வீட்டில சமைக்கிற ஒருத்தருக்கும் ஏலாது. ஒன்பது மணிக்கு வையுங்கோ. பாத்திரம் கழுவி முடிச்சு, சின்னவனை நித்திரையாக்கிப்போட்டு வந்திடுவன். சாம்பல்தீவு அக்கா, நீங்களும் வாங்கோ.